புத்தளக் கரையில் வடபுலத்துக் குடும்பங்கள்

கி.பி. 1344ஆம் ஆண்டிலே, மாலைதீவிலிருந்து தமிழகத்தின் மாபார்க் கரையை நோக்கிப் புறப்பட்ட மரக்கலமொன்று வழிதவறி இலங்கையின் மேற்குக் கரையை வந்தடைந்தது. அதில் வந்தவர் மொரொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா. தாம் இறங்கிய பட்டினத்தை அவர் ‘பத்தாலா’ என்று குறித்துள்ளார். அது புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. மரத்தாலாகிய மதிலும் காவற் கோபுரங்களும் சூழ்ந்த அச்சிறு நகரில் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் வேந்தன் தங்கியிருந்தான். பாரசீக மொழியறிந்த அவ்வேந்தன், முத்துக்களை முன்னே வைத்துக்கொண்டு அயல்நாட்டாரோடு அளவளாவினான். மூன்று நாள் விருந்தோம்பினான். பாவாத மலையைக் காண விரும்பிய விருந்தினருக்குப் பல்லக்கும், வழித்துணையாக யோகியர் நால்வர், அந்தணர் மூவர் முதலானோரையும் கொடுத்து அனுப்பினான்.

வடக்கே யாழ்ப்பாணத்தை ஆண்ட மரபினனென்று வரலாற்றாசிரியர் கொள்ளும் ஒருவன், தெற்கே புத்தளத்தில் இருந்து அந்நியனை உபசரித்தான் என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இவ்விரு ஊர்களுக்குமிடையே உள்ள உறவு பின்னொரு காலத்தில் எவரும் வேண்டாத முறையிலே புதுப்பிக்கப்பட்டது.

புத்தளக் கரை பிறரை ஏற்றுப் பழகிய கரை. உடப்பிலே வாழும் தமிழ் மீனவர்தம் முன்னோர் இராமநாதபுரத்துக் கரையிலிருந்து வந்தோர் எனக் கூறுவர். அவர்தம் திரௌபதையம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீமிதிப்பு நிகழ்கின்றது. கற்பிட்டியிலே ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை இன்றும் நிற்கின்றது. சிரம்பியடியிலே ஆபிரிக்க வழித்தோன்றல்களான சில குடும்பங்கள் உள்ளன. பிரித்தானியர் படையிலே போர்வீரராயிருந்து, படை கலைக்கப்பட்டபின் இங்கே தங்கிவிட்டோரின் வழியினர். போர்த்துக்கேயம் கலந்த பழைய மொழியின் பாடல்களை அவர்கள் இன்னும் பாடுகின்றனர். நாள்தோறும் பேசுவதோ சிங்களம். தலவிலப் புனித அன்னம்மாள் ஆலயத்திலே திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே மணலில் படுத்துறங்குவர். ஆயினும், 1990ஆம் ஆண்டின் ஐப்பசியிலே இக்கரைக்கு வந்தோர் தொகையளவு அதற்கு முன்னர் ஒரேயடியாக எவரும் வந்ததில்லை.

அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தின் பிற்பாதியிலே தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்தினர், தம் கட்டுப்பாட்டிலிருந்த வடமாகாணப் பகுதிகளினின்றும் முஸ்லிம் மக்கள் அனைவரும் வெளியேற வேண்டுமென ஆணையிட்டனர். யாழ்ப்பாண நகரிலே ஒக்டோபர் 30ஆந் திகதி காலையில் ஒலிபெருக்கிகள் முழங்கின. மக்கள் ஒஸ்மானியாக் கல்லூரி வளவிலே கூடினர். புறப்படுவதற்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணிநேரம். மன்னாரிலே சில நாட்கள் கிடைத்தன. கையிலே கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்ட பணம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. நகை, வீட்டு உறுதி, தையல் இயந்திரம், கடைச் சரக்கு யாவும் பின்னே நின்றன. ஏறத்தாழ 75,000 பேர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். தமிழ் அயலவர் பலர் கண்ணீர் விட்டனர், சிலர் பரிந்து பேசினர், பயன் விளையவில்லை. 2002 ஏப்ரலிலே கிளிநொச்சியில் நடைபெற்ற பத்திரிகையாளர் சந்திப்பிலே இயக்கத்தின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் அச்செயல் குறித்து வருத்தம் தெரிவித்தார். அதற்குள் பதினோராண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

யாழ்ப்பாணத்தாரும் வன்னியாரும் தரைவழியாக வவுனியாவை அடைந்து, அங்கிருந்து தெற்கு நோக்கி வந்தனர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, தாராபுரம் முதலிய ஊரார் கடல்வழியே கற்பிட்டியில் வந்து இறங்கினர். அது வாடைக்காற்று எழும் காலம். படகில் ஏறியோருட் பலர் கடல் தொழிலறியாத முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாய்மாரும் ஆவர்.

இவ்விடத்திலே ஒரு சொற்பொருளை விளக்குதல் தகும். தொழில் நிமித்தமோ விருப்பம் பற்றியோ பிறநாட்டிற் சென்று, பாங்கொக் போன்ற நகரொன்றிலே வீடெடுத்து, அந்நாட்டு அயலாரோடு நட்புப் பூண்டு வாழ்வோர் உலகெங்கும் உளர். அவர்கள் விரும்பிய நாளிலே பெட்டியைக் கட்டலாம். இனம், மதம் முதலிய காரணங்களாற் கொடுமைக்குள்ளாவோம் என்னும் தகுந்த அச்சத்தினால் எல்லை கடந்து பிறநாடு புகுந்தோரை 1951ஆம் ஆண்டின் அனைத்துலக உடன்படிக்கை ‘அகதிகள்’ என வரையறுத்துப் பாதுகாக்கின்றது. தம் நாட்டினுள்ளேயே பெயர்க்கப்பட்டோருக்கு அத்தகைய உடன்படிக்கை இல்லை. 1998இலே ஐக்கிய நாடுகள் சபையில் முன்வைக்கப்பட்ட வழிகாட்டு நெறிகளே உள. அவற்றுக்குச் சட்டத்தின் வலுவில்லை. புத்தளத்துக்கு வந்தோர் இம்மூன்றாம் வகையினர். சட்டப்படி அகதியர் அல்லாத இவர்களுக்கு ஊர்வழக்கிலே கிடைத்த பெயர் மட்டும் ‘அகதி’ என்பதே. அச்சொல் முதலில் இரக்கத்தோடும் பின்னர் வேறொரு தொனியோடும் ஒலிக்கலாயிற்று.

முதற் சில வாரங்களில் புத்தளத்து மக்கள் காட்டிய பரிவை வந்தோர் இன்றும் மறந்திலர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீட்டுக்கு வீடு சோறு சமைத்துப் பெரிய சகன்களிலே அனுப்பினர். முன்பின் அறியாத பெண்ணொருத்தியிடம் உள்ளூர்ப் பெண் வந்து, “தங்கச்சி, புள்ளைக்கிப் பால் குடுத்தீங்களா? எங்கட ஊட்டுக்கு வாங்க” என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றதே பல நட்புகளின் தொடக்கம். மக்காவிலிருந்து மதீனா சென்றோரை முஹாஜிர்கள் என்றும், அவர்களை ஏற்று உதவியோரை அன்சாரிகள் என்றும் இஸ்லாமிய வரலாறு கூறும். அவ்வுவமையைப் பள்ளிவாசற் பிரசங்கங்கள் எடுத்தாண்டன. கேட்டோர் உளமுருகினர். மதீனாவிலே அவ்வேற்பு எத்தனை ஆண்டு நீடிக்கவேண்டியிருந்தது என்ற கணக்கை அப்பொழுது எவரும் எண்ணிப்பார்க்கவில்லை. சில மாதங்களிலே யாவரும் திரும்பிவிடுவர் என்பதே இருசாராரின் நம்பிக்கை.

மாதங்கள் ஆண்டுகளாயின. பாடசாலைகள் மீளத் தொடங்கவேண்டியிருந்தமையின் மக்கள் தென்னந்தோட்டங்களிலும் வெற்று மணல்வெளிகளிலும் அமைக்கப்பட்ட நலன்புரி நிலையங்களுக்குச் சென்றனர். புத்தளம், கற்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளெங்கும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. காணி உள்ளூராருடையது, கம்பும் கிடுகும் நிவாரணமாகக் கிடைத்தவை. யாழ்ப்பாணத்துச் சோனகதெருவிலே கல்வீட்டில், உள்முற்றத்தின் மறைவிலே வாழ்ந்து பழகிய பெண்களுக்குக் கொட்டில் வாழ்வின் பெருந்துன்பம் வறுமையன்று, மறைவின்மையே. ஒரு குடும்பத்தின் இருமலும் சிரிப்பும் பிணக்கும் கிடுகின் ஊடே அடுத்த குடும்பத்தை எட்டின. குளிப்பதற்கு விடியுமுன் எழவேண்டும். கிடுகோ ஓரிரு மாரிக்குமேல் தாங்காது. புதுக்கிடுகு வாங்கவேண்டிய காலம் வரும்போது பிள்ளையின் பாடசாலைச் செலவா, கூரையா என்னும் வழக்கு வீட்டுக்கு வீடு எழும்.

தண்ணீர் பற்றித் தனியே கூறவேண்டும். கற்பிட்டி, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீண்டு கிடக்கும் மணற்றீபகற்பம். மழைநீர் மணலினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கின்றது. ஆழம் குறைந்த கிணற்றிலே அளவாக அள்ளினால் நன்னீர். மிகுதியாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மலசலகூடங்கள் அருகருகே பெருகுமாயின் அந்நீர் கெடும். சில நூறு பேருக்கு அமைந்த கிணற்றண்டையிலே பல்லாயிரவர் வந்து குடியேறினால் விளைவு யாதாகும் என்பது வெளிப்படை. கிணற்றடி நட்பு வளரும் இடம். பூசல் மூளும் இடமும் அதுவே. குடங்களின் வரிசையிலே “முந்தி வெச்சது நான் ராத்தா” என்று தொடங்கும் பேச்சு எத்திசையிற் செல்லும் என்பது அன்றைய கோடையைப் பொறுத்தது.

உணவுக்கு அரசு உலருணவு வழங்கிற்று. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் 1,260 ரூபா பெறுமதி என வகுக்கப்பட்ட அந்நிவாரணம், விலைவாசி ஏறிய பின்னரும் பல ஆண்டுகள் அதே அளவில் நின்றது. அரிசி, மா, பருப்பு, சீனி ஆகியவை கிடைத்தன. மீனும் மரக்கறியும் விறகும் உழைத்தே தேடப்படவேண்டும். யாழ்ப்பாணத்திலே லொறி, இரும்புக் கடை, தையல், இறைச்சிக் கடை ஆகிய தொழில்களில் ஈடுபட்டிருந்தோர் சிலர் நகரிலே சிறு வியாபாரம் தொடங்கினர். மன்னார்க் கரையார் கடலையே நாடினர். ஆயின் கற்பிட்டிக் கடலிலே ஏற்கெனவே கரைவலைப் பாட்டுக்கும் வாடிக்கும் உரியோர் இருந்தனர். வந்தோருட் பெரும்பாலோருக்குக் கூலிவேலையே கிடைத்தது. கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களிலே, முன்னர் வீட்டுவாசலைத் தாண்டியறியாத பெண்கள் கூட்டமாகச் சென்று களை பிடுங்கினர், வெங்காயம் கிண்டினர். அக்கூட்டத்திலே எருக்கலம்பிட்டியாரும் முல்லைத்தீவாரும் உள்ளூராரும் ஒரே பாத்தியில் குனிந்து நின்றனர். நட்பு வளரக் குனிந்து செய்யும் வேலையைப் போன்றது வேறில்லைபோலும்! குடும்பக் கதை முழுவதும் ஒரு பாத்தி முடிவதற்குள் சொல்லி முடிந்துவிடும்.

இவ்வேலைக்கு ஆள் பெருகவே கூலி குறைந்தது. அஃது இயல்பு. உள்ளூர் ஏழைத் தொழிலாளி, தன் கூலியைக் குறைத்தவர் யாரென்று பார்த்தபோது, நேற்றுச் சோறு கொடுத்து உபசரித்த அயலவரையே கண்டான். தோட்டமுடையாருக்கு இலாபம், கூலியாளுக்கு நட்டம். வைத்தியசாலையிலே வரிசை நீண்டது. காணி விலை ஏறிற்று. பல்கலைக்கழக அனுமதியிலே மாவட்டத்துக்கென ஒதுக்கப்பட்ட இடங்களை வந்தோர் பிள்ளைகள் எடுத்துக்கொள்கின்றனர் என்ற குறை எழுந்தது. கல்வியிலே பின்தங்கிய மாவட்டமொன்றுக்கு அது சிறு குறையன்று. உலருணவு ‘அகதி’க்கு மட்டுமே, பக்கத்துக் குடிசையிலுள்ள உள்ளூர் ஏழைக்கு இல்லை. இக்குறைகளுள் உண்மையும் இருந்தது, மிகையும் இருந்தது. நோர்வே நாட்டுப் புவியியலாளர் கத்ரீன் புரூன் புத்தளத்திலே பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008இலே வெளியிட்ட நூல் இவ்வுறவின் ஏற்ற இறக்கங்களையே பொருளாகக் கொண்டது. அயலவரின் மனம் சுருங்கிற்று என்று கூறுவதைவிட, அவ்வயலவரின் செலவிலேயே பெரும்பளுவைச் சுமத்திவிட்டு நாடு வேறுபுறம் திரும்பியிருந்தது என்று கூறுதலே பொருந்தும்.

பாடசாலைகளிலே காலையில் உள்ளூர் மாணவரும், பிற்பகலிலே இடம்பெயர்ந்தோர் பிள்ளைகளும் படித்த காலம் ஒன்று உண்டு. ஒரே வாங்கிலே இரு பிள்ளைகள் அமர்ந்தனர். ஆயின் ஒருவரையொருவர் கண்டிலர். வாங்கிலே கீறிய பெயர்களால் மட்டும் அறிமுகமாயினர். பின்னர் வகுப்புகள் கலந்த இடங்களிலே பந்து விளையாட்டும் பரீட்சையும் அவர்களை நண்பராக்கின. பேச்சு மட்டும் சில காலம் காட்டிக்கொடுத்தது: யாழ்ப்பாணத்துப் பிள்ளை வாய் திறந்த உடனே ஊர் தெரிந்துவிடும். நாளடைவில் அப்பிள்ளை பாடசாலையிலே புத்தளத்துப் பேச்சும், வீட்டிலே உம்மாவோடு யாழ்ப்பாணத்துப் பேச்சுமாக இரண்டையும் பயின்றது.

நோன்பு மாதம் வந்தால் இப்பிரிவுகள் பெரிதும் மறையும். பள்ளிவாசலிலே பெரிய சட்டிகளில் நோன்புக் கஞ்சி காய்ச்சப்படும். அஸர் வேளையிலே வாளியும் போத்தலும் ஏந்திச் சிறுவர் வரிசையில் நிற்பர். எக்குடியிருப்புப் பிள்ளை என்று கஞ்சி வார்ப்பவர் கேட்பதில்லை. பெருநாளன்று வட்டிலப்பம் வேலிக்கு மேலே கைமாறும். கிண்ணம் வெறுமையாகத் திரும்பலாகாது என்பது இருதரப்பாரும் அறிந்த மரியாதை.

திருமணமே மிகக் கடினமான பொருள். வடபுலத்து முஸ்லிம்களிடையே பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுக்கும் வழக்கம் ஆழ வேரூன்றியது. யாழ்ப்பாணத்திலே மூத்த மகளுக்கென ஒதுக்கிய வீடு கூரையிழந்து கிடக்க, மகளோ கொட்டிலிலே வயதுக்கு வந்து நின்றாள். வாப்பா என்ன செய்வார்? வெளிநாட்டு வேலைக்கு ஒருவரை அனுப்பியேனும், சீட்டுப் பிடித்தேனும், புத்தளத்திலே ஒரு துண்டுக் காணி வாங்கினார். ‘ஊருக்குத் திரும்புவோம்’ என்று நாள்தோறும் கூறிய அதே வாயால் உறுதி எழுதுவித்தார். புத்தளத்திலே நிலைகொள்வதற்கான முதற் கல்லை இட்டது அரசன்று, திட்டமன்று. பெரும்பாலும் மகளின் கல்யாணமே. காலப்போக்கில் உள்ளூர்க் குடும்பங்களோடும் மணவுறவுகள் ஏற்பட்டன. சம்பந்தியான பின்னர் ‘அகதி’ என்று அழைப்பது எங்ஙனம்? மச்சான் என்றே அழைக்கவேண்டியதாயிற்று.

2007ஆம் ஆண்டிலே உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கிற்று. காணி உறுதி உடையோருக்குத் தவணை தவணையாகப் பணம் வழங்கப்பட்டது. அத்திவாரம் இட்டால் ஒரு பங்கு, சுவர் எழுந்தால் மற்றொரு பங்கு. உள்ளூர் ஏழைக் குடும்பங்கள் சிலவும் இதிற் சேர்க்கப்பட்டமை அறிவுடைய செயல். ஆயினும் கல்வீடு எழும்பவே ஓர் ஐயமும் எழுந்தது: புத்தளத்தில் வீடு பெற்றவர் வடக்கிலே தம் உரிமையை இழப்பரோ? இழக்கார் என அதிகாரிகள் உறுதி கூறினர். கேட்டோர் தலையசைத்தனர், பழைய உறுதிப் பத்திரத்தின் பிரதியை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்தனர்.

அவர்தம் அச்சத்துக்குக் காரணமில்லாமலில்லை. வாக்காளர் இடாப்பிலே நெடுங்காலம் அவர்கள் வடக்கின் பெயரேட்டிலேயே இருந்தனர். தேர்தல் வந்தால் புத்தளத்திலே அமைத்த சாவடிகளில் மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ உரிய வாக்கை அளித்தனர். ஓரிடத்திலே வாழ்ந்து வேறோரிடத்திலே குடிமகனாயிருக்கும் நிலை அது. போரால் வதிவிடம் பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலே வாக்காளராகப் பதிவதற்கு 2013ஆம் ஆண்டிலே தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. எருக்கலம்பிட்டியிற் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்திலே புவியியற் பேராசிரியராக விளங்கிய எஸ். எச். ஹஸ்புல்லாஹ் (2018இல் மறைந்தார்), இம்மக்கள் விட்டுவந்த வீடு, நிலம், கடை ஆகியவற்றின் இழப்பை ஊர் ஊராகக் கணக்கிட்டுப் பதிவு செய்தார். உலகம் மறந்துவிடும் என்பதை முன்னரே அறிந்து செய்த பணி அது. பின்னாளிலே உரிமை பேச வந்தோர் அனைவரும் அக்கணக்கையே நாடினர்.

2009 மே மாதத்திலே போர் முடிந்தது. திரும்பலாம் என்றாயிற்று. பத்தொன்பது ஆண்டுகளிலே முசலிப் பகுதியின் வயல்களும் வளவுகளும் காடாகிக் கிடந்தன. எது தன் வேலி என்று அறிய முதியோரின் நினைவே வழிகாட்டிற்று. ஒரு கிணறு, ஒரு புளியமரம், இடிந்த பள்ளிவாசற் சுவர். மரிச்சுக்கட்டிப் பக்கத்திலே மீளக் குடியேறச் சென்றபோது, வில்பத்துக் காட்டை அழிக்கின்றனர் என்ற கூக்குரல் 2015 அளவிலே நாடெங்கும் எழுந்தது. காட்டைக் காத்தல் கடமையே. ஆயின் மனிதர் துரத்தப்பட்டமையால் வளர்ந்த காட்டுக்கும் ஆதியிலிருந்தே நின்ற காட்டுக்கும் வேறுபாடு காணாத வழக்காட்டம் நேரியதன்று. யாழ்ப்பாணம் சோனகதெருவிலோ கூரையும் கதவும் யன்னலும் அற்ற சுவர்கள் நின்றன. திரும்பியோருக்கு அளித்த உதவி அச்சுவர்களுக்குக் கூரையிடவும் போதவில்லை; திரும்புவதாகப் பதிந்தவருக்கோ இடம்பெயர்ந்தோர் என்ற பதிவும் அதனோடு வந்த உதவியும் நின்றுபோயின.

ஆதலின் பல குடும்பங்கள் இரு கூறாயின. கணவர் யாழ்ப்பாணத்திலே கடையைத் திறந்து, அதன் பின்கட்டிலேயே சமைத்து உண்டு உறங்குவார். மனைவியும் பிள்ளைகளும், பாடசாலையின் பொருட்டுப் புத்தளத்திலே தங்குவர். முதியோர் ஊரிலே மரிக்கவேண்டுமென்று வடக்கே சென்றனர். மருந்துக்கும் மகளுக்குமாக மீண்டும் தெற்கே வந்தனர். யாழ்ப்பாணத்துப் பழைய தமிழ் அயலவர் சிலர், திரும்பிவந்தோரைக் கண்டு கட்டித் தழுவி அழுததும் உண்டு. வேறு சிலர் புதிதாகக் குடிவந்தோர். சோனகதெரு ஏன் அப்பெயர் பெற்றது என்பதையே அறியாதோர்.

“உங்கட ஊர் எது?” என்று கேட்டால், மானிடவியலாளர் ஷாரிகா திராணகம தம் 2011ஆம் ஆண்டு நூலிலே காட்டியவாறு, மூத்தோரும் இளையோரும் ஒரே விடை கூறுவதில்லை. மூத்தோருக்கு ஐயமேயில்லை. புத்தளத்திலே பிறந்து வளர்ந்தவரோ யாழ்ப்பாணம் என்று பெற்றோரின் ஊரைக் கூறிவிட்டு, நண்பரெல்லாம் இருப்பது புத்தளத்திலே என்பதையும் சேர்த்துக் கூறவேண்டியிருக்கின்றது. உம்மம்மாவின் கதைகளிலே வரும் வீடு பெரியது, குளிர்ந்தது; முற்றத்திலே மல்லிகை படர்ந்தது. அதைப் பார்க்கச் சென்ற பேரப்பிள்ளைக்குக் கிடைப்பது புல் முளைத்த அத்திவாரம். வந்தோரின் முதல் தலைமுறையிலே மறைந்தோர் பலர் புத்தளத்து மையவாடிகளிலே அடக்கப்பட்டுள்ளனர். வெள்ளிக்கிழமை அங்கே சென்று ஸியாரத்துச் செய்யும் பிள்ளைகளுக்கு அம்மண்ணும் அந்நிய மண்ணன்று.

பாடசாலை விடுமுறை தொடங்கும் நாளிலே புத்தளத்து பஸ் நிலையத்தில் இக்குடும்பங்களைக் காணலாம். அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் சுற்றி வடக்கே செல்லும் நீண்ட பயணம். உம்மாவின் கையிலே கற்பிட்டிக் கருவாட்டுப் பொதி. யாழ்ப்பாணத்திலே வாப்பாவுக்கும் பக்கத்துக் கடைத் தமிழ் ஐயாவுக்கும். திரும்பி வரும்போது அதே பையிலே ஒடியலும் பனங்கட்டியும் இருக்கும். அவற்றுட் பாதி, வேலிக்கு அப்பால் உள்ள புத்தளத்து ராத்தாவுக்கு. கோழிக்குத் தீனி போட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர். வீட்டுத் திறப்பும் அவரிடமே உள்ளது.